ரோஹிணியின் கழுத்து

2016ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை 10.20 மணிக்குத் திருப்பதியில், காவல் நிலையத்தில், பெண் தலைமைக் காவலர் கமலம்மா முன்பாகக் கொடுத்த வாக்குமூலம். தமிழில் சொன்னது, தமிழிலேயே எழுதப்பட்டது. தெலுங்குப் படி தனியாக இணைக்கப்படும்.

பெயர் கலைவாணி. வயது 25. தகப்பனார் நாகபூஷணம். விலாசம் சித்தூர் மாவட்டம், நகரி, ஏகாம்பரகுப்பம், பெருமாள் கோயில் பின் தெரு. படிப்பு பி.காம். வேலை, தடா பக்கத்தில் செல்போன் தயாரிக்கும் கம்பெனியில் லைன் ஆபரேட்டர். இதற்கு முன் என் மேல் வழக்கு எதுவும் இல்லை.

விசாரணையில் சொல்வது:

நாராயணசாமியை நான் தள்ளி விழ வைத்தது உண்மை. அதை மறுக்க நான் இங்கே வரவில்லை. என்னோடு ஆடுகிற ரோஹிணி தன் கழுத்தைத் தானே கெடுத்துக்கொண்டாள் என்று அவர் கொடுத்த புகாரில் எழுதியிருக்கிறதாம். அதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்காகத்தான் முழுவதும் சொல்கிறேன். நடந்ததை நடந்த வரிசையில் சொல்லும்படி ஏட்டம்மா சொன்னதால் அப்படியே சொல்கிறேன்.

நான் மேற்கண்ட விலாசத்தில் என் நைனா, அம்மாவுடன் வசித்து வருகிறேன். நைனா விசைத்தறி ஓட்டுகிறவர். எங்கள் தெருவில் பாதித் தறிகள் நின்றுபோய், ஆண்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் போய்விட்டதால், என்னைப் போன்ற பெண்கள் கம்பெனி பஸ் ஏறித் தடா பக்கம் வேலைக்குப் போய் வருகிறோம். புத்தூரில் காலேஜ் படித்தபோது நான் கபடி ஆடினேன். அதைப் பார்த்துவிட்டு 2011இல், திருப்பதி சுவர்ணமுகி ரக்பி சங்கத்தின் செயலாளர் நாராயணசாமி, வயது சுமார் 54, என்னை ரக்பி ஆடக் கூப்பிட்டார். என் மேல் புகார் கொடுத்திருப்பவர் இவர்தான். பஸ் ஸ்டாண்டு அருகே டிராவல்ஸ் ஆபீஸ் வைத்திருக்கிறார். ஐந்து வருடம் இவரை சார் என்று கூப்பிட்டேன். இனிமேல் என் வாயால் அப்படி வராது, மேற்படியார் என்றே எழுதிக்கொள்ளுங்கள் என்று ஏட்டம்மாவிடம் கேட்டுக்கொண்டேன்.

ரக்பி என்றால் என்ன என்று கேட்டதற்குச் சொல்வது: பக்கத்துக்குப் பதினைந்து பேர், முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடி எதிரணியின் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் வைக்கிற ஆட்டம். பந்து வைத்திருப்பவரை இடுப்பைப் பிடித்துக் கீழே சாய்க்கலாம். ஆட்டம் நின்றுபோனால் மறுபடி தொடங்க ஸ்க்ரம் போடுவார்கள். அதாவது இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் கைகோத்துக் குனிந்து, எதிராளியின் தலைகளுக்கு நடுவே தலையை நுழைத்து, முட்டித் தள்ள வேண்டும். அதில் முன்வரிசையில் மூன்று பேர் நிற்போம். பின்னால் இருப்பவர்களின் தள்ளு, எதிரில் இருப்பவர்களின் தள்ளு, எல்லாம் எங்கள் கழுத்தில்தான் வந்து சேரும். குனியும்போது முதுகு நேராக இருக்க வேண்டும், கண் மேலே பார்க்க வேண்டும், முட்டுவது தோளாக இருக்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. பழகாத ஆளை முன்வரிசையில் நிறுத்தக் கூடாது என்று ஆட்டத்தின் சட்டத்திலேயே இருக்கிறது. எங்களிடம் பழகியவர் இல்லை என்று ஓர் அணி சொல்லிவிட்டால், ரெஃப்ரி இரண்டு பக்கத்தாரையும் தள்ளாமல் சும்மா சேர்ந்து நிற்கச் சொல்லிவிடுவார். அதற்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஆசிய நாடுகளின் பெண்கள் ரக்பியில் பெரிய நாடுகள் மேல் பிரிவில் தனியாக ஆடும். அதற்குக் கீழே நான்கு நாடுகள் ஆடுகிற இரண்டாம் பிரிவுப் போட்டி இருக்கிறது. அதில் ஜெயிக்கிற நாடு மேல் பிரிவுக்குப் போகலாம். நம் நாடு இரண்டாம் பிரிவில் இருக்கிறது. அது டிவியில் வராது, பேப்பரிலும் வராது. ஆனால் சட்டையில் இந்தியா என்று போட்டிருக்கும், ஆட்டத்துக்கு முன் நம் பாட்டைப் போடுவார்கள். இந்த வருடப் போட்டி ஜூன் முதல் வாரத்தில் மலேசியாவில் நடப்பதாக இருந்தது. அணியில் முன்வரிசைக்கு என் பெயர் வந்தது. எங்கள் மாவட்டத்திலிருந்து நான் ஒருத்திதான். எந்தச் சங்கத்துப் பெண் அணியில் இருக்கிறாளோ அந்தச் சங்கத்துக்காரரில் ஒருவரை மேனேஜராக அனுப்புவது அணியைத் தேர்ந்தெடுக்கிற தலைமைச் சங்கத்தின் வழக்கம் என்பதால், மேற்படியாருக்கு மேனேஜர் பதவி கிடைத்தது. அவர் அதற்கு முன் வெளிநாடு போனதில்லை. அத்தனை வருடமாக அடுத்தவருக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தவர். என் பெயர் அணியில் இருந்தால்தான் அவர் விமானம் ஏற முடியும் என்ற நிலை.

அதன் பிறகு ஏப்ரல் 24ஆம் தேதி ஞாயிறு காலைப் பயிற்சியில் நான் விழுந்ததில் இடது பக்கக் காறை எலும்பு முறிந்தது. நைனா வந்து என்னை நேராகப் புத்தூருக்கு அழைத்துப் போனார். எங்கள் பக்கத்தில் எலும்பு என்றால் புத்தூர்க் கட்டுதான், ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று யாரும் கேட்பதுகூட இல்லை. அங்கே கட்டுப் போடுகிற பெரியவர் விரலால் தடவிப் பார்த்து, பச்சிலைச் சாறும் முட்டை வெள்ளைக்கருவும் தடவி, மூங்கில் பத்தை வைத்துத் துணியால் கட்டினார். மூன்று கட்டு, ஆறு வாரம், அதுவரை கையைத் தூக்கக் கூடாது என்றார். போட்டிக்கும் ஆறு வாரம்தான் இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நைனா பார்க்காமல் அழுதேன்.

அதன் பிறகு மே 6ஆம் தேதி வெள்ளிக்கிழமை மேற்படியார் என்னைத் தன் ஆபீசுக்கு வரச் சொன்னார். அங்கே ரோஹிணியும் இருந்தாள். ரோஹிணி, வயது 21, புத்தலப்பட்டு. தகப்பனார் சந்திரன் குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவர். தாயார் ரத்னம்மா சித்தூர்ப் பக்கம் மாம்பழக்கூழ் ஃபாக்டரியில் பழம் அரிகிற வேலை செய்பவர். ரோஹிணி குண்டு எறிதல் போட்டிக்குப் போகிறவள், நல்ல பலம். எங்கள் சங்கத்தில் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அதிலும் ஓரத்தில் நின்று பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிற இடத்தில்தான் ஆடுவாள். ஒரு நாள்கூட ஸ்க்ரம் முன்வரிசையில் நின்றதில்லை. என்னோடு அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்டு திரிவாள். என் டிபன் பாக்ஸை என்னைக் கேட்காமல் திறந்து துன்னுவாள்.

மேற்படியார் எங்களிடம், என் இடம் காலியானால் அது வேறு மாநிலத்துக்குப் போய்விடும், ஒரு தடவை போனால் திரும்ப வராது, அதனால் ரோஹிணி பெயரை முன்வரிசைக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். அவளை ஆடவிட மாட்டேன், பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பாள், அடுத்த வருடம் அந்த இடம் உனக்கே என்றும் சொன்னார். பிறகு சங்கத்தின் தாளில் இங்கிலீஷில் அடித்த ஒரு கடிதத்தைக் கொடுத்தார். ரோஹிணி முன்வரிசைப் பயிற்சி பெற்றவள், என்னோடு பதினான்கு ஆட்டங்களில் முன்வரிசையில் ஆடியவள் என்று அதில் இருந்தது. கீழே அவர் கையெழுத்து இருந்தது. கூட ஆடிய முன்வரிசை ஆளின் கையெழுத்தும் வேண்டும் என்றார். நான் யோசித்துக்கொண்டிருந்தபோது ரோஹிணி என் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நான் சும்மா குந்திக்கினு பாத்துட்டு வந்துடறேன்க்கா. ஏரோப்ளேன்ல எங்க நைனா மட்டுந்தான் போய்க்கினு கீறாரு" என்றாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் கடிதத்தைப் படிக்காமல் போட்டாயா என்று கேட்டதற்குச் சொல்வது: இல்லை. படித்தேன். பி.காம். படித்தவளுக்கு அந்த நாலு வரி புரியாமல் போகாது. பதினான்கு ஆட்டம் என்ற இடத்தில் விரல் வைத்து, இது பொய்யாச்சே என்று கேட்டும் இருக்கிறேன். எல்லாரும் இப்படித்தான் எழுதுவார்கள் என்றார். அடுத்த வருடம் எனக்கு என்று அவர் சொன்னது என் காதில் இனித்தது. அதையும் எழுதுங்கள்.

அதன் பிறகு ரோஹிணி பயிற்சி முகாமுக்குப் போய், அங்கிருந்து அணியோடு மலேசியா போனாள். முகாமில் ஸ்க்ரம் போட்டபோது மேற்படியார் அவளுக்கு முழங்கால் வலி என்று சொல்லித் தள்ளி நிறுத்தி வைத்தாராம். இல்லாவிட்டால் அங்கேயே குட்டு வெளிப்பட்டிருக்கும், வெளிப்பட்டிருந்தால் அவள் இன்று நடந்துகொண்டிருப்பாள். ஜூன் 4ஆம் தேதி சனிக்கிழமை ஆட்டம். அதன் வீடியோ மறுநாள் எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. அன்றுதான் எனக்கு மூன்றாவது கட்டைப் பிரித்திருந்தார்கள். நான் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து பார்த்தேன். அறுபத்திரண்டாவது நிமிடத்தில் எங்கள் முன்வரிசைப் பெண் ஒருத்தி கால் பிசகி வெளியே வருகிறாள். ரெஃப்ரி ஓரக்கோட்டுக்கு வந்து, அடுத்த ஆள் பழகியவரா என்று மேற்படியாரைக் கேட்கிறார். மேற்படியார் புது கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார். ரோஹிணி உள்ளே ஓடுகிறாள். முதல் ஸ்க்ரம் எப்படியோ தப்பித்தது. இரண்டாவது ஸ்க்ரமில் அவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நுழைந்தாள். எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. எட்டுப் பேர் பின்னாலிருந்து தள்ள, எட்டுப் பேர் முன்னாலிருந்து தள்ள, ஸ்க்ரம் சரிந்தது. எல்லாரும் எழுந்தார்கள், அவள் எழவில்லை. நான் வீடியோவை நிறுத்திவிட்டு மேற்படியாருக்குப் போன் செய்தேன். கழுத்தில் தசைப்பிடிப்பு, ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டார்கள், நடக்கிறாள், ஒன்றும் இல்லை என்றார். நான் நம்பினேன்.

அதன் பிறகு ஜூன் 7ஆம் தேதி செவ்வாய்க்கிழமை சென்னை ஏர்போர்ட்டுக்கு நானும் ரத்னம்மாவும் போனோம். அணி மூன்றாவது இடம்தான். இருந்தாலும் மேற்படியாரின் மச்சான் முனிகிருஷ்ணன் மாலைகளும் போட்டோகிராபரும் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். ரோஹிணி நடந்துதான் வந்தாள். கழுத்தில் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் போட்ட கெட்டியான பட்டை இருந்தது. பட்டையோடு போட்டோ எடுத்தால் நன்றாக இருக்காது என்று சொல்லி மேற்படியாரே அவள் பின்னால் நின்று அதைக் கழற்றினார். கழற்றி என் கையில் கொடுத்தார். அதன் பிறகு ரோஜா மாலை போட்டார்கள். கனமான மாலை. ஒன்று இல்லை, மூன்று போட்டார்கள். ரோஹிணி சிரித்துக்கொண்டிருந்தாள், சிரிக்கும்போது அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. சந்தோஷம் என்று நினைத்து நானும் கை தட்டினேன். போட்டோ முடிந்ததும் பட்டையைத் திரும்ப மாட்டட்டுமா என்று கேட்டேன். அது சும்மா ஒரு ஜாக்கிரதைக்குப் போட்டது, இனி வேண்டாம், மாட்டிக்கொண்டே இருந்தால் கழுத்து மரத்துவிடும் என்று மேற்படியார் சொன்னார். அந்த மனுஷனுக்கு அப்போது எல்லாம் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

அதன் பிறகு ஜூன் 9ஆம் தேதி மாலை ரத்னம்மா எனக்குப் போன் செய்து, ரோஹிணிக்கு இரண்டு கையும் ஊசி குத்துவது போல இருக்கிறது, காபி தம்ளரைக் கீழே போட்டுவிட்டாள் என்றார். ஜூன் 10ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ் பிடித்துச் சித்தூர் போய், அங்கிருந்து புத்தலப்பட்டு போனேன். திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று ரத்னம்மா ஒரு தடவை கேட்டார். நான்தான், என் எலும்பு புத்தூரில்தான் கூடியது, அங்கேயே போகலாம் என்றேன். அங்கிருந்து திருப்பதியும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். ரத்னம்மா என் பேச்சைக் கேட்டார். தன் பிள்ளையின் கழுத்து என் பேச்சில் போயிற்று என்று அவர் இன்று வரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம்.

ஓர் ஆட்டோவைத் தனியாகப் பேசி, ரோஹிணியை நடுவில் உட்கார வைத்து, நானும் ரத்னம்மாவும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். பட்டை என் வீட்டில் இருந்தது. வழி முழுக்க ஸ்பீட் பிரேக்கர். ஒவ்வொன்றிலும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். மெதுவாப் போண்ணா என்று டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். கார்வேட்டிநகரம் தாண்டியதும் ரோஹிணி என்னிடம், "அக்கா, என் செருப்பு உழுந்துடுச்சா பாரு" என்றாள். நான் குனிந்து பார்த்தேன். இரண்டு செருப்பும் அவள் காலில்தான் இருந்தன.

புத்தூரில் கட்டுப் போடுகிற பெரியவர், எனக்குக் கட்டியவர்தான், ஆட்டோவிலேயே வந்து பார்த்தார். அவளை இறக்கவே விடவில்லை. கால் கட்டைவிரலை அசைக்கச் சொன்னார், அசையவில்லை. அவர் முகம் மாறிவிட்டது. "இது கட்டு வேல இல்லம்மா, நரம்பு. நான் கை வெச்சா பாவம். ஆடாம அசையாம திருப்பதிக்குத் தூக்கிக்கினு போங்க" என்றார். ஒரு பலகை கொண்டு வரச் சொல்லி, நாலு பேரை வைத்து அவளை அப்படியே அதன் மேல் சாய்த்து, தன்னிடம் இருந்த துணியால் தலையையும் நெற்றியையும் பலகையோடு சேர்த்துக் கட்டி, 108க்குப் போன் செய்ததும் அவர்தான். புத்தூரில் நாட்டுக் கட்டுப் போட்டதால் கழுத்து போயிற்று என்று புகாரில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அது பச்சைப் பொய். அவர் அவள் கழுத்தைத் தொடவே இல்லை. அவளைப் புத்தூருக்குக் கொண்டுபோனது என் தப்பு, அந்தப் பெரியவரின் தப்பு இல்லை. அவரை இந்த வழக்கில் இழுக்கக் கூடாது.

அதன் பிறகு திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் விசாரித்துவிட்டு, வெளிநாட்டில் ஸ்கேன் எடுக்காமல் கழுத்துக்குப் பட்டை கொடுத்திருக்க மாட்டார்கள், அந்த ரிப்போர்ட் எங்கே என்று கேட்டார். ரோஹிணிதான் சொன்னாள், அங்கே ஒரு பெரிய கவரை டாக்டரம்மா கொடுத்தார்கள், சார் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார் என்று. நான் மேற்படியாருக்கு ஏழெட்டுத் தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. கடைசியில் எடுத்து, அப்படி எந்தக் கவரும் கிடையாது என்றார்.

அதன் பிறகு நேற்று ஜூன் 11ஆம் தேதி சனிக்கிழமை காலை சுமார் 11 மணிக்கு அவருடைய ஆபீசுக்குப் போனேன். நான் ஒண்டியாகத்தான் போனேன். மூன்று ரவுடிகளோடு போனேன் என்று புகாரில் இருப்பது பொய். ஏர்போர்ட் போட்டோவைப் பெரிதாகச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். கவர் எங்கே என்று கேட்டேன். இல்லை என்றார். மேஜை டிராயரை நானே இழுத்தேன். மேலேயே இருந்தது, பிரித்த கவர். உள்ளே படமும் ஏழு தாளும். கழுத்தில் ஐந்தாவது எலும்பு உடைந்திருக்கிறது, பட்டையை ஒரு நிமிடம்கூடக் கழற்றக் கூடாது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், விமானத்தில் அனுப்பக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. டாக்டர் பேச்சை மீறி அழைத்துப் போகிறேன் என்று ஜூன் 5ஆம் தேதி போட்ட கையெழுத்தும் இருந்தது. அது மேற்படியாரின் கையெழுத்து.

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். அங்கே ஆபரேஷன் என்றால் பெரிய விசாரணை வரும், பழகாத பெண் எப்படி முன்வரிசைக்கு வந்தாள் என்று தோண்டுவார்கள், ஆயுசுக்கும் சங்கத்தைத் தடை செய்வார்கள் என்றார். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுத வேண்டும். "மாட்டினா நான் மட்டும் இல்ல, உன் கையெழுத்தும் அதுல இருக்குது. அந்தப் பொண்ணு தலையெழுத்து, வுடு" என்றார். சொல்லிவிட்டு என் கையிலிருந்த தாள்களைப் பிடுங்கிக் கிழிக்கப் பார்த்தார். ஒரு தாளின் ஓரம் கிழிந்தும்விட்டது. அப்போதுதான் நான் குனிந்து, தோளை அவர் இடுப்புக்குக் கீழே கொடுத்து, இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கிச் சாய்த்தேன். அவர் கண்ணாடி ஷோகேஸ் மேல் விழுந்து கை மணிக்கட்டு உடைந்தது.

நான் அவர் கழுத்தை நெரித்தேன் என்பது பொய். எதிராளியின் கழுத்தைத் தொடக் கூடாது என்றுதான் எங்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுத்தவர் மேற்படியார்தான். தள்ளும்போது கோபம் இருந்ததா என்று கேட்டதற்குச் சொல்வது: இருந்தது. இப்போதும் இருக்கிறது. அவர் மேல் மட்டும் இல்லை. கை தட்டிக்கொண்டு நின்றேனே, அந்தக் கலைவாணி மேலும் இருக்கிறது.

அதன் பிறகு கவரைக் கொண்டுபோய் டாக்டரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்றே வந்திருந்தால் என்று ஆரம்பித்துவிட்டு எழுந்து போனார். பிரதி எடுத்துக்கொண்டு கவரைத் திருப்பிக் கொடுத்தார். நான் அதை எடுத்துக்கொண்டு யாரும் கூப்பிடாமல் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். படம் ஒன்றும் தாள் ஏழும் ஒப்படைத்திருக்கிறேன். நேற்று மாலை முழுவதும் இங்கேதான் இருந்தேன்.

அதன் பிறகு இன்று காலை 7 மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரோஹிணியின் இடது கட்டைவிரலில் மை இருந்தது. என்ன என்று கேட்டேன். நேற்று மாலை ரத்னம்மா மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது முனிகிருஷ்ணனும் இன்னொருவரும் எழுதிக்கொண்டு வந்த ஒரு தாளைப் படித்துக் காட்டினார்களாம். முன்வரிசையில் ஆடியிருக்கிறேன் என்று நானாகப் பொய் சொல்லிச் சேர்ந்தேன், நாராயணசாமிக்கும் கலைவாணிக்கும் எதுவும் தெரியாது, பட்டையை நானே கழற்றினேன் என்று அதில் இருந்ததாம். இதற்கு ஒப்புக்கொண்டால் கலைவாணியை வழக்கிலிருந்து விட்டுவிடுவோம், இல்லாவிட்டால் அவள் ஜெயிலுக்குப் போவாள் என்றார்களாம். பேனா பிடிக்கக் கை வராததால் விரலைப் பிடித்து அவர்களே மையில் அழுத்தி, தாளில் அழுத்தினார்களாம். நான் அவளைத் திட்டினேன். அந்த நிலையில் கிடப்பவளைத் திட்டினேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்குத்தான் ஆயிடுச்சேக்கா. உனுக்கும் ஒண்ணு ஆவணுமா?" என்றாள்.

அதன் பிறகு நான் இங்கே வரும் வழியில், ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள டீக்கடையில் முனிகிருஷ்ணன் என்னை நிறுத்தினார். ரோஹிணியின் விரல் ரேகை இருக்கும் தாளின் ஜெராக்ஸைக் காட்டினார். கடிதத்தைப் பற்றியும் கவரைப் பற்றியும் நான் வாய் திறக்காவிட்டால், அவர் மாமாவான மேற்படியார் அடிதடிப் புகாரை இன்றைக்கே வாபஸ் வாங்கிக்கொள்வார், என் கம்பெனி வேலைக்கும் ஆபத்து வராது, ரோஹிணியே ஒப்புக்கொண்ட பிறகு உனக்கு என்னம்மா என்றார். நான் ரோட்டைத் தாண்டி இங்கே வந்தேன். அவருக்கு என் பதில் இதுதான்.

கடைசியாக ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டதற்குச் சொல்வது: அந்தத் தாளில் இருப்பது ரோஹிணியின் வாக்குமூலம் இல்லை. தாளைத் தொட்டதுகூடத் தெரியாத விரலை எடுத்து வைத்த ரேகை அது. மே 6ஆம் தேதி கடிதத்தில் பொய்யை எழுதியவர் நாராயணசாமி. அது பொய் என்று தெரிந்து கையெழுத்துப் போட்டவள் நான். புத்தலப்பட்டிலிருந்து புத்தூர் வரை அவளை ஆட்டோவில் குலுக்கிக்கொண்டு போனவளும் நான். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்று சொன்னவளை, போ என்று யாரோ உள்ளே அனுப்பினார்கள். அவள் போனாள். அவள் செய்தது அவ்வளவுதான். என் மேல் எந்தப் பிரிவில் வழக்குப் போட வேண்டுமோ போடுங்கள். அடித்ததற்கு ஒன்று, கடிதத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போடுங்கள். ரோஹிணி பெயரைக் குற்றம் செய்தவர்கள் இருக்கும் பக்கத்தில் எழுதாதீர்கள்.

மேலே உள்ளது முழுவதும் நான் சொன்னது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை. மிரட்டியவரும் ஆசை காட்டியவரும் வேறு விதமாகச் சொல்லச் சொன்னார்கள். ஏட்டம்மா படித்துக் காட்டக் கேட்டேன். அதன் பிறகு நானே வாங்கி முதல் வரியிலிருந்து படித்தேன். இதில் பொய் இல்லை. அது தெரிந்து கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) நா. கலைவாணி

என் முன்பாக எழுதி, படித்துக் காட்டப்பட்டது.
(ஒப்பம்) கமலம்மா, பெண் தலைமைக் காவலர்
12.6.2016, பகல் 1.05 மணி